வீட்டுக்கே வந்து நாய்க்கு ட்ரெயினிங் குடுக்கறாங்களே, அந்த காசு தகுமா? எங்க வீட்டு சிப்பிப்பாறையோட அனுபவம்

மொதல்லயே மார்க் சொல்லிடறேன், அஞ்சுக்கு நாலு. அந்த ஒரு மார்க் எங்க போச்சுன்னு கீழ வரும். ஆளு பேர் போடல, ஏன்னா இவரு கம்பெனி கிம்பெனி வச்சிருக்கறவர் இல்ல, தனியா பைக்ல வந்து போறவரு, ஏற்கனவே தாம்பரம் சேலையூர் மேடவாக்கம்னு டேட் குடுக்க முடியாம ஓடிட்டிருக்காரு, இதுல நான் வேற நம்பர போட்டு விட்டா எனக்கே அடுத்த தடவ டேட் கிடைக்காது. அதனால இது அவருக்கு விளம்பரம் இல்ல. வீட்டுக்கு வர்ற ட்ரெயினர எடுக்கலாமா, இல்ல சென்டர்ல கொண்டு போய் விட்டுடலாமா, இல்ல யூட்யூப் பாத்து நாமளே பண்ணிக்கலாமான்னு மண்டைய பிச்சிக்கறவங்களுக்கு எழுதறேன். என் கட்சி இதுதான்: நாய்க்கு பிரச்சனை எந்த இடத்துல இருக்கோ அந்த இடத்துல தான் பாடமும் நடக்கணும். நம்ம வீட்டு கேட்டு, நம்ம வீட்டு கிச்சன், நம்ம வீட்டு மாமனார். வீட்டுக்கு வர்ற ஆளுக்கு காசு குடுக்கறது அதுக்கு தான், ‘சிட்’ சொல்லிக்குடுக்க இல்ல, சிட் எல்லாம் ஒரு வேகவச்ச முட்டை இருந்தா நீங்களே ஒரு சாயந்திரத்துல சொல்லிக்குடுத்துடலாம்.

எங்க வீட்ல இருக்கறது சிப்பிப்பாறை, நம்ம ஊரு வேட்டை நாய் இனம், பொட்ட, பேரு செவலை. கலரும் அதான். எங்க வீட்டுக்காரர் ஊரு கோவில்பட்டி பக்கம், அங்க சொந்தக்காரங்க தோட்டத்துல போட்ட குட்டி, நாலு மாசம் முடிஞ்சப்புறம் தான் சென்னைக்கு வந்துச்சு. இந்த நாலு மாசம்ங்கறது முக்கியம், ஏன்னா நாய்க்குட்டிக்கு மூணாவது வாரத்துலேர்ந்து ஒரு பன்னெண்டு பதினாலு வாரம் வரைக்கும் தான் எதப் பாத்தாலும் இதெல்லாம் சகஜம்னு மண்டையில ஏத்திக்கற வயசு, அதுக்கப்புறம் புதுசா எது வந்தாலும் மொதல்ல சந்தேகம் தான். செவலை அந்த வயசுல பாத்தது ஆடு, கோழி, மோட்டார் ரூம், வேலிமுள்ளு. பாக்காதது குக்கர் விசில், மிக்ஸி, மாடிப்படி, ஹெல்மெட் போட்ட டெலிவரி பையன். வந்த புதுசுல விசில் அடிச்சா கட்டிலுக்கு அடியில போயிடும், கேட்டு சத்தம் கேட்டா பாய்ஞ்சு போய் குரைக்கும், அத்தை பூஜை ரூம்லேர்ந்து வெளிய வந்தா ரெண்டு காலையும் தூக்கி அவங்க தோள்ல போடும் (அத்தைக்கு எழுபது தாண்டியாச்சு, விழுந்தா இடுப்பெலும்பு தான்), செருப்ப தூக்கிட்டு போய் மூலையில உக்காந்துகிட்டு கிட்ட போனா உறுமும். கக்கா மூச்சா விஷயத்துக்கு மட்டும் யாரையும் கூப்பிடல, அது தூங்கி எழுந்ததும், சாப்ட்டதும், விளையாடி முடிச்சதும் ஒரே இடத்துக்கு கூட்டிட்டு போய் நின்னா தன்னால வந்துடும், வீட்டுக்குள்ள போயிட்டா மூக்க அதுல வச்சு தேய்க்கறது எல்லாம் வேஸ்ட், அதுக்கு புரியறது நம்ம கோவம் மட்டும் தான். வாட போற மாதிரி என்சைம் க்ளீனர் போட்டு துடைச்சா மறுபடி அதே மூலைக்கு போகாது, அவ்ளோதான் மேட்டர்.

ட்ரெயினர் தேட ஆரம்பிச்சப்ப தான் ஒரு விஷயம் புரிஞ்சுது. போன எடுத்ததும் எல்லாரும் கேக்கற மொத கேள்வி “என்ன ப்ரீட் மேடம்?” சிப்பிப்பாறைன்னு சொன்னா ஒரு சின்ன கேப் விழும். ஒருத்தர் நேராவே சொல்லிட்டாரு, “அது வேட்டை நாய் மேடம், படியாது, லேப் ஷெப்பர்ட்னா ஒரு மாசத்துல முடிச்சு குடுத்துடுவேன்.” இந்த படியாதுங்கற பேச்சுக்கு பின்னாடி ஒரு கதை இருக்கு. 1994ல ஸ்டான்லி கோரன்னு ஒரு சைக்காலஜி ப்ரொஃபசர் நாய் இனங்களுக்கு புத்தி ரேங்க் ஒன்னு போட்டாரு, பார்டர் கோலி ஃபர்ஸ்ட், ஆஃப்கன் ஹவுண்ட் லாஸ்ட். இன்னிக்கு வரைக்கும் அத தூக்கிட்டு தான் எல்லாரும் சுத்தறாங்க. ஆனா அது அமெரிக்கா கனடால போட்டிக்கு மார்க் போடற ஜட்ஜுங்க கிட்ட கேட்டு போட்ட லிஸ்ட், அதாவது சொன்ன பேச்ச எவ்ளோ சீக்கிரம் கேக்குதுங்கறதுக்கு மார்க். ஆஃப்கன் ஹவுண்ட், நம்ம சிப்பிப்பாறை, கன்னி எல்லாம் கண்ணால பாத்து தொரத்தற வகை, முயல் ஓடறப்ப எஜமான் அர கிலோமீட்டர் பின்னாடி மூச்சு வாங்கிட்டு வருவான், அவன் சொல்றத கேட்டுட்டு நின்னா முயல் போயிடும். தானா முடிவெடுக்கறதுக்குன்னே தலைமுறை தலைமுறையா வளத்த நாய், அத மக்குன்னு சொன்னா எப்படி. நாங்க எடுத்த ஆள் போன்ல ப்ரீட கேக்கவே இல்ல, “வயசென்ன, வீட்ல யார் யார் இருக்காங்க, ரேபிஸ் ஊசி போட்டாச்சா, புக்க போட்டோ எடுத்து அனுப்புங்க” அப்படின்னாரு. அங்கயே எனக்கு பிடிச்சு போச்சு. ஊசி புக்க பாக்காம வர்ற ட்ரெயினர உள்ள விடாதீங்க, அவரு பத்து வீட்டு நாய தொட்டுட்டு உங்க வீட்டுக்கு வர்றவரு. (கார்ப்பரேஷன் லைசென்ஸுக்கும் அந்த ரேபிஸ் சர்டிஃபிகேட் வேணும், அதனால எப்படியும் எடுத்து வச்சிருக்கணும்.)

சென்டர்ல விடற ஆப்ஷனும் யோசிச்சோம், ஏன்னா கணக்கு பாத்தா மாசத்துக்கு ரேட் கிட்டத்தட்ட ஒன்னு தான் வருது. ஆனா என் தம்பி வீட்டு லேப்ரடார் கதை தெரிஞ்சதால வேணாம்னுட்டேன். ஊருக்கு வெளிய ஒரு இடத்துல விட்டான், பேர் வேணாம். தினம் வாட்ஸப்ல வீடியோ வரும், உக்காரு எழு படு எல்லாம் சூப்பரா பண்ணும், என் தம்பி ஸ்டேட்டஸ்ல வேற போட்டான். வீட்டுக்கு வந்து பாத்தா கழுத்த சுத்தி முடி தேஞ்சு போயிருக்கு, சோக் செயின், அதாவது இழுத்தா கழுத்த நெரிக்கற செயின் போட்டு இழுத்தது. சரி பாடமாவது இருக்கான்னு பாத்தா, அந்த ட்ரெயினர் வந்து நின்னு சொன்னா கேக்குது, இவன் சொன்னா திரும்பி கூட பாக்கல. கேட்டதுக்கு “நீங்க தான் தலைவன்னு அதுக்கு காட்டணும் சார், மல்லாக்க போட்டு அமுக்கி பிடிங்க”ன்னு பதில். இந்த தலைவன் சமாச்சாரம் எங்கேர்ந்து வந்துச்சுன்னா, 1947ல ருடால்ஃப் ஷென்கெல்னு ஒருத்தர் ஸூல அடைச்சு வச்ச ஓநாய்ங்கள பாத்து எழுதினது, ஒன்னுக்கொன்னு சம்பந்தமே இல்லாத ஓநாய்ங்கள ஒரே கூண்டுல போட்டா அடிச்சிக்காம என்ன பண்ணும். அப்புறம் டேவிட் மெக்னு ஒரு ஓநாய் ஆராய்ச்சியாளர் 1970ல அத புத்தகத்துல எடுத்து எழுத உலகம் பூரா பரவிடுச்சு. அதே மெக் காட்டுக்குள்ள போய் வருஷக்கணக்கா பாத்துட்டு 1999ல அது அப்படி இல்ல, காட்டுல ஓநாய்க் கூட்டம்னா அப்பா அம்மா புள்ளைங்க, ஒரு குடும்பம், அங்க பதவிச் சண்டை எல்லாம் பெருசா கிடையாதுன்னு சொல்லிட்டாரு. சொன்ன ஆளே வாபஸ் வாங்கின தியரிய நம்ம ஊர்ல இன்னும் காசு வாங்கிட்டு விக்கறாங்க.

இன்னொன்னு, நாய் ஒரு இடத்துல கத்துக்கிட்டத இன்னொரு இடத்துக்கு தானா எடுத்துட்டு வராது. அந்த ஷெட்டு, அந்த ஆளு, அந்த செயின் சத்தம் எல்லாம் சேந்தா தான் அதுக்கு ‘உக்காரு’. வீட்டு ஹால்ல டிவி ஓடிட்டிருக்கறப்ப சொல்ற ‘உக்காரு’ வேற பாடம். தம்பி வீட்ல நடந்தது இது தான், இதுக்காக அந்த லேப்ப குத்தம் சொல்ல முடியாது.

சரி நம்ம ஆளுக்கு வருவோம். மொத நாள் வந்தாரு, செவலை குரைச்ச குரைப்புல பக்கத்து வீட்டு ஆன்ட்டி மாடிக்கே வந்துட்டாங்க. மனுஷன் அத பாக்கவே இல்ல. உள்ள வந்து சுவத்து ஓரமா தரையில பக்கவாட்டுல திரும்பி உக்காந்துகிட்டாரு, பையிலேர்ந்து வேகவச்ச சிக்கன் துணுக்கு, பட்டாணி சைஸ் தான் இருக்கும், அத எடுத்து கொஞ்ச தூரத்துல போட்டுகிட்டே எங்க கிட்ட பேசிட்டிருந்தாரு. எங்க மாமா பத்து நிமிஷம் பொறுத்து பாத்துட்டு “என்ன தம்பி, ட்ரெயினிங் எப்ப ஆரம்பிக்கப் போறீங்க?”ன்னு கேட்டாரு. “ஆரம்பிச்சாச்சு அங்கிள்”னாரு. மாமா என்னை ஒரு பார்வ பாத்தாரு பாருங்க.

அப்புறம் தான் காசுக்கான வேலை. போன்ல அத வீடியோ எடுத்து ஸ்லோ மோஷன்ல எங்க நாலு பேரையும் உக்கார வச்சு காட்டினாரு. நமக்கு தெரியறது குரைக்கறது, உறுமறது, வாலாட்டறது மட்டும் தான். அந்த வீடியோல பாத்தா குரைக்கறதுக்கு முன்னாடி ஒரு மூணு நாலு சேதி போகுது. வாய மூடிடுச்சு (அதுக்கு முன்னாடி லேசா தொறந்து மூச்சு வாங்கிட்டு இருந்துச்சு), நாக்கு சட்டுனு வெளிய வந்து மூக்க நக்கிட்டு உள்ள போச்சு, தலைய அந்தப்பக்கம் திருப்பிச்சு ஆனா கண்ணு மட்டும் இவர் மேலயே இருக்கு, கண்ணோரத்துல வெள்ளை பிறை மாதிரி தெரியுது, அப்புறம் உடம்பு ஒரு செகண்ட் கல்லா நின்னுது. அதுக்கப்புறம் தான் குரைப்பு. டூரிட் ருகாஸ்னு நார்வேல ஒரு ட்ரெயினர் அம்மா இந்த நாக்கு, கொட்டாவி, தலை திருப்பல் எல்லாத்துக்கும் சேத்து காமிங் சிக்னல்ஸ், அதாவது சமாதான சைகைன்னு பேர் வச்சிருக்காங்க. என் பையன் கேட்டான், “அப்ப அது கொட்டாவி விடறது தூக்கத்துக்கு இல்லையாண்ணா?” தூங்கி எழுந்து விட்டா தூக்கம், நீ கட்டி பிடிச்சிட்டு இருக்கறப்ப விட்டா ‘விடுறா என்னை’ன்னு அர்த்தம்னாரு. அன்னிலேர்ந்து அவன் கட்டிப்பிடிக்கறது பாதியா குறைஞ்சிடுச்சு. அத்தைக்கும் இதுல ஒரு உபகாரம், வாலாட்டினா எல்லாம் பாசம்னு நினைச்சிட்டு கிட்ட போறவங்க அவங்க, இப்ப வால் மேல விறைப்பா நின்னு குட்டியா படபடன்னு ஆடினா தள்ளி நிக்கறாங்க.

உறுமறத பத்தி ஒன்னு சொன்னாரு, அது எங்க வீட்ல எல்லாருக்கும் ஆச்சரியம். உறுமினா அடிக்காதீங்க திட்டாதீங்கன்னாரு. உறுமல் தான் கடைசி வார்னிங், அத அடிச்சு நிறுத்திட்டா அடுத்த தடவ சொல்லாம கடிக்கும். செருப்பு விஷயத்துக்கு இத தான் போட்டாரு. செருப்ப பிடுங்கவே கூடாது, சிக்கன காட்டி மாத்திக்கணும், அது செருப்ப கீழ போட்டதும் சிக்கன குடுத்து, செருப்ப எடுத்து, சில நேரம் செருப்பையே திருப்பி குடுத்துடணும். திருப்பியா? ஆமா, பழைய ஹவாய் செருப்பு தான, குடுங்க. மனுஷங்க கிட்ட வந்தா சாமான் போகாது, மேல ஏதாவது வரும்னு அதுக்கு பதியணுமாம். இப்ப அதுவா செருப்ப கொண்டு வந்து கால்கிட்ட போட்டுட்டு மூஞ்சிய பாக்குது. வியாபாரம் கத்துக்கிச்சு. ஆனா உறுமல் போச்சு, வீட்ல சின்னப்பையன் இருக்கறப்ப எனக்கு அது தான் வேணும்.

குக்கர் விசில் சமாச்சாரம் தான் நான் கண்ணால பாத்து அசந்தது. விசில் சத்தத்த போன்ல ரெக்கார்ட் பண்ணி ரொம்ப சன்னமா வச்சு, சத்தம் கேட்ட மறு செகண்ட் சிக்கன். சத்தம், சிக்கன், சத்தம், சிக்கன். முன்னாடி சிக்கன காட்டிட்டு அப்புறம் சத்தம் போட்டா கதை கந்தல், சிக்கன பாத்தாலே ஏதோ வரப்போகுதுன்னு பயந்துடும், இந்த வரிசைய மட்டும் மாத்தவே கூடாதுன்னு ஸ்ட்ரிக்டா சொல்லிட்டாரு. பாவ்லோவ் நாய்க்கு எச்சில் ஊற வச்சாரே, ஸ்கூல்ல படிச்சோமே, அதே சங்கதி தான். கொஞ்சம் கொஞ்சமா சத்தத்த கூட்டி, அப்புறம் நிஜ குக்கர் ஹாலுக்கு அந்தப்பக்கம், அப்புறம் கிச்சன் வாசல். உடம்பு இறுகிடுச்சுன்னா ஒரு படி பின்னாடி வந்துடணும், அதுக்கு தான் அந்த வீடியோ பாடம் மொதல்லயே. இப்ப மூணாவது விசில் வர்றதுக்குள்ள கிச்சன் வாசல்ல வந்து உக்காந்திருக்கு, பருப்பு வெந்துச்சான்னு அதுக்கு தான் தெரியும். மிக்ஸிக்கு இன்னும் எழுந்து அந்த ரூமுக்கு போகும், ஆனா நடந்து போகுது, ஓடல.

கேட்டுக்கு கோணிச்சாக்கு வைத்தியம். ஆன்லைன்ல இதுக்குன்னு மெத்தை எல்லாம் விக்கறாங்க, இவரு எங்க வீட்டு அரிசி சாக்க நாலா மடிச்சு ஹால் ஓரத்துல போட்டு, அதுல கால் வச்சா சிக்கன், உக்காந்தா சிக்கன், படுத்தா நிறைய சிக்கன்னு ஆரம்பிச்சாரு. அது நல்லா பதிஞ்சப்புறம் கேட்ட தட்டினா சாக்குக்கு போகணும்னு சேத்தாரு. இதுல வீட்டு ஆளுங்க எல்லாரும் மாத்தி மாத்தி வெளிய போய் கேட்ட தட்டணும், எங்க வீட்டுக்காரர் லுங்கியோட தெருவுல நின்னு சொந்த வீட்டு கேட்ட தட்டிட்டு இருந்தத அந்த தெருவே பாத்துச்சு. காலையில பால் பாக்கெட் போடற பையனுக்கும் சிலிண்டர் போடறவருக்கும் ஓக்கே ஆயிடுச்சு, ஹெல்மெட் கழட்டாம வர்ற டெலிவரிக்கு மட்டும் இன்னும் ரெண்டு குரை குரைச்சிட்டு தான் சாக்குக்கு போகும். அது போதும்னு விட்டுட்டேன், வீட்டு நாய் ரெண்டு குரைப்பு கூட குரைக்கலன்னா அப்புறம் எதுக்கு.

அத்தை மேல ஏறறதுக்கு அவர் சொன்னது கேக்க ரொம்ப சிம்பிள், பண்ண ரொம்ப கஷ்டம். ஏறினா பேசாம திரும்பி நின்னுக்கணும், தள்ளக்கூடாது, கத்தக்கூடாது, ஏன்னா தள்ளறதும் கத்தறதும் அதுக்கு விளையாட்டு. நாலு காலும் தரையில இருக்கறப்ப மட்டும் கவனிப்பு. மொதல்ல ஒரு வாரம் ஏறறது ஜாஸ்தி தான் ஆகும்னு முன்கூட்டியே சொல்லிட்டாரு, இத்தன நாள் வேலை செஞ்சது திடீர்னு வேலை செய்யலன்னா இன்னும் பலமா பண்ணி பாக்குமாம், அந்த நேரத்துல ஒரு தடவ மனசு இளகிட்டா அவ்ளோதான், பலமா ஏறினா கிடைக்கும்னு கத்துக்கும். எழுபது வயசுக்காரங்கள வச்சு அந்த ரிஸ்க் எடுக்க முடியாதுன்னு நான் சொன்னேன். உடனே மாத்திக்கிட்டாரு, அத்தை இருக்கற நேரம் செவலை பெல்ட்டோட என் கையில, அத்தை தூரத்துல நின்னு தீனிய தரையில உருட்டி விடுவாங்க, அது தலை கீழ பாத்துகிட்டே வரும். அத்தை சுத்த சைவம், சிக்கன தொடவே மாட்டாங்க, அதனால அவங்களுக்குன்னு மட்டும் வேகவச்ச சக்கரவள்ளிக்கிழங்கு. “அந்த சனியனுக்கு நான் கிழங்கு அவிக்கணுமா”ன்னு ஆரம்பிச்சாங்க, இப்ப அவங்களே அவிச்சு டப்பால போட்டு ஃப்ரிட்ஜ்ல வைக்கறாங்க, அதுல என் பையனுக்கு கூட பங்கு கிடையாது.

மாமா தான் பெரிய கேஸ். தட்டுலேர்ந்து ஊட்டுவாரு. டேபிள் கிட்ட நின்னு எச்சி ஒழுக பாத்துட்டே இருக்கற பழக்கம் அப்படி வந்தது தான், நாங்க சொன்னா கேக்க மாட்டாரு. ட்ரெயினர் திட்டவே இல்ல, “அங்கிள், நீங்க குடுக்கறது தப்பே இல்ல, அந்த சாக்குல போய் படுத்தப்புறம் நீங்க எழுந்து போய் அங்க குடுங்க”ன்னாரு. மாமாவுக்கு முட்டி வலி. ரெண்டு நாள் எழுந்து போனாரு, அப்புறம் குடுக்கறத குறைச்சிக்கிட்டாரு, நாயும் டேபிள விட்டுடுச்சு. இதெல்லாம் யூட்யூப்ல வராதுங்க. கூடவே ஒரு லிஸ்ட்டும் ஃப்ரிட்ஜ்ல ஒட்டிட்டு போனாரு, திராட்சை, உலர் திராட்சை, வெங்காயம், பூண்டு, சாக்லேட் எதுவும் கூடாதுன்னு. கேசரில இருக்கற திராட்சைய பொறுக்கி எடுத்து நாய்க்கு குடுக்கற வழக்கம் எங்க வீட்ல இருந்துச்சு, அது அன்னியோட நின்னுது, நாய்க்கு கிட்னியவே பாதிக்குமாம். எங்க வெட், அதாவது நாய் டாக்டர் கிட்டயும் கேட்டேன், அவரும் அதையே தான் சொன்னாரு.

வாக்கிங்ல ஒரு சின்ன விஷயம், சிப்பிப்பாறை கன்னி ராஜபாளையம்னு இந்த மாதிரி நாய் வச்சிருக்கறவங்க மட்டும் நல்லா கேட்டுக்கங்க. இதுங்களுக்கு தலை சிறுசு, கழுத்து பெருசு. சாதா காலர எவ்ளோ டைட்டா போட்டாலும் பின்னாடி ஒரு இழு இழுத்தா தலை வழியா சறுக்கி வெளிய வந்துடும், அப்புறம் ரோட்ல பூனைய தொரத்திட்டு போற நாய நாம தொரத்தணும். அவர் வந்த உடனே ரெண்டு விரல காலருக்குள்ள விட்டு பாத்துட்டு மார்ட்டிங்கேல் காலர் வாங்க சொன்னாரு, இழுத்தா கொஞ்சம் மட்டும் இறுகி நிக்கும், நெரிக்காது, கழண்டும் வராது. கூடவே மார்ல கொக்கி இருக்கற ஹார்னஸ். ரெண்டும் சேத்து ஆயிரத்தி சொச்சம் ஆச்சு, இது பேக்கேஜ்ல வராது. இழுத்தா நின்னுடணும், கயிறு தளந்தா நடக்கணும், அவ்ளோதான் டெக்னிக், மொத நாள் எதிர் வீடு வரைக்கும் போக அர மணி நேரம் ஆச்சு. வெயில் ஏறிட்டா தார் ரோட்ல புறங்கைய வச்சு பாக்க சொன்னாரு, நம்ம கை தாங்கலன்னா அது காலும் தாங்காது. சென்னைல ஏப்ரல் மே மாசம்லாம் காலையில ஆறு மணிக்குள்ள போயிட்டு வந்துடுங்க.

இப்ப அந்த ஒரு மார்க்.

கூப்பிட்டா திரும்பி வர்றது. ஹால்ல வரும், மொட்டை மாடில வரும், யாரும் இல்லாத க்ரவுண்ட்ல வரும். பூனையோ அணிலோ ஓடிட்டிருந்தா நான் யாரோ. “அக்கா, ரோட்டோரத்துல இத அவுத்து விடற மாதிரி நான் பண்ணி குடுக்க முடியாது, யாராவது முடியும்னு சொன்னா நம்பாதீங்க, பத்து மீட்டர் கயிறு கட்டி ஓட விடுங்க”ன்னு நேர்மையா சொல்லிட்டாரு. நேர்மைக்கு மார்க் உண்டு, ஆனா பேக்கேஜ் லிஸ்ட்ல ‘ஆஃப் லீஷ்’னு, அதாவது கயிறு இல்லாம கூட்டிட்டு போறதுன்னு போட்டிருந்துச்சே, அத எடுத்துடலாம்ல. வெடி சத்தமும் பாதி கிணறு தான். குக்கருக்கு பண்ணின அதே ரெக்கார்டிங் முறை தான், ஆனா தெருவுல சாவு ஊர்வலம் வந்து பறையோட சேந்து வெடியும் போட்டா போன் ஸ்பீக்கர் பாடம் எங்க நிக்கும். அன்னிக்கு கட்டிலுக்கு அடியில போனது ராத்திரி வரைக்கும் வரல, தண்ணி கூட குடிக்கல. ஒளிஞ்சிக்க விடுங்க, இழுத்து வெளிய எடுக்காதீங்க, பக்கத்துல உக்காந்து தடவி குடுத்தா பயம் ஜாஸ்தி ஆகும்னு சொல்றதெல்லாம் கட்டுக்கதை, தாராளமா தடவுங்கன்னு போன்ல சொன்னாரு. ரொம்ப நடுங்கற நாய்க்கு மருந்து இருக்கு, அத வெட் தான் எழுதணும், நான் சொல்லக் கூடாதுன்னும் சொன்னாரு. அந்த எல்லை தெரிஞ்சிருக்கறது நல்லது தான், ஆனா இத மொத நாளே சொல்லியிருந்தா வெட் டாக்டர முன்னாடியே பாத்திருப்போம்.

அப்புறம் டைம். சாயந்திரம் அஞ்சுன்னா அஞ்சே முக்கால், மழைன்னா வரவே மாட்டாரு, கேன்சல் ஆன க்ளாஸ ஈடு கட்ட நான் தான் ஞாபகப்படுத்திட்டே இருக்கணும். எழுத்துல எதுவும் தர மாட்டாரு, எல்லாம் வாய்ஸ் நோட், அதுவும் பின்னாடி பஸ் ஹாரனோட. மாசம் பத்தாயிரம் கிட்ட வாங்கறவரு ஒரு பக்கம் எழுதி குடுக்கலாம், எங்க வீட்ல நாலு பேரும் நாலு விதமா புரிஞ்சிக்கிட்டதுக்கு பாதி காரணம் அது. கிளிக்கர்னு ஒன்னு, அமுக்கினா டிக்குனு சத்தம் வர்ற பொம்மை, அத அவர் கிட்டயே வாங்க சொன்னாரு, கடை விலைய விட ஜாஸ்தி. வாங்கல, நாக்க மடக்கி ‘டொக்’னு அடிச்சோம், அதே வேலை தான் செய்யுது. சரியா பண்ணின அந்த செகண்ட அதுக்கு குறிச்சு காட்டணும், ஒன்னு ரெண்டு செகண்டுக்குள்ள தீனி போகணும், சத்தம் எதுலேர்ந்து வந்தா என்ன.

எடுக்கறதா இருந்தா போன்லயே கேளுங்க, சோக் செயின், முள்ளு காலர், ஷாக் காலர் யூஸ் பண்ணுவீங்களான்னு. “தேவப்பட்டா மட்டும்”னு வந்தா வச்சிடுங்க. வேல்ஸ்ல ஷாக் காலர 2010லயே தடை பண்ணிட்டாங்க, அமெரிக்கால நாய் நடத்தை பாக்கற வெட் டாக்டருங்க சங்கமும் எல்லா நாய்க்கும் பரிசு குடுத்து சொல்லிக்குடுக்கற முறை தான் சரின்னு 2021ல அறிக்கையே விட்டிருக்கு, நம்ம ஊர்ல யார் வேணா ட்ரெயினர்னு போர்டு மாட்டிக்கலாம், கேக்க ஆள் இல்ல. அப்புறம், நீங்க கூட இருக்க வேணாம் நானே மாடில கூட்டிட்டு போய் பாத்துக்கறேன்னு சொல்றவர எடுக்காதீங்க. எங்க ஆள் வீட்ல பெரியவங்க ஒருத்தராவது உக்காரலன்னா க்ளாஸே எடுக்க மாட்டாரு, ஒரு நாள் நான் மீட்டிங்ல இருந்தேன்னு திரும்பி போயிட்டாரு. அன்னிக்கு கடுப்பா தான் இருந்துச்சு. அடிபட்டு திடீர்னு சுபாவம் மாறின நாய், ஏற்கனவே ஆள கடிச்ச நாய்னா ட்ரெயினருக்கு முன்னாடி வெட், காது வலியோ உண்ணிக் காய்ச்சலோ இருக்கற நாய்க்கு எந்த ட்ரெயினிங்கும் ஏறாது. தப்பித்தவறி யாரையாவது கடிச்சுட்டா, வீட்டு நாய் தான ஊசி போட்டிருக்கேன்னு விடாதீங்க, சோப்பு போட்டு ஓடற தண்ணில பதினஞ்சு நிமிஷம் கழுவிட்டு நேரா ஆஸ்பத்திரி.

பேக்கேஜ் ரெண்டு மாசம், வாரத்துக்கு மூணு நாள், ஒரு தடவைக்கு முக்கால் மணி நேரம். அதுல நாய்க்கு பாடம் அஞ்சு அஞ்சு நிமிஷமா தான், மீதி நேரம் நமக்கு. என்னைக் கேட்டா மொத மாசம் மட்டும் எடுத்தா போதும், ரெண்டாவது மாசம் பெரும்பாலும் நாங்க பண்றத அவரு பாத்துட்டு தலையாட்டிட்டு டீ குடிச்சிட்டு போனாரு. ஒரே மாசம்னா ரேட் கொஞ்சம் ஜாஸ்தி சொல்லுவாங்க, பேசினா குறைப்பாங்க. எங்களுது முடிஞ்சிடுச்சு, தீபாவளிக்கு முன்னாடி வெடி சத்தத்துக்கு மட்டும் தனியா ரெண்டு மூணு விசிட் கேட்டிருக்கேன், ஒரு விசிட் ஆயிரம்னு சொல்லிருக்காரு, இன்னும் மாமா கிட்ட சொல்லல.